தோல்விக்குச் சொல்லப்படும் காரணம்

மனச்சோர்வு நோயில் விழுந்தவர் தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொள்வார் என்பது மருத்துவருக்கும் தெரியும், வீட்டில் உள்ளவர்களுக்கும் தெரியும். ‘நான் எதற்கும் லாயக்கில்லை’, ‘எல்லாம் என்னால்தான்’, ‘இனி எதுவும் சரியாகாது’ என்ற பேச்சைக் கேட்காத மனநலப் பிரிவு எங்கும் இருக்காது. இந்தப் பேச்சு நோயின் விளைவா, நோய்க்கு முன்பே அந்த மனிதரிடம் குடியிருந்த சிந்தனைப் பழக்கமா என்பதுதான் சிக்கலான கேள்வி. காய்ச்சல் கண்டவருக்கு வாய் கசக்கிறது. கசப்புதான் காய்ச்சலைக் கொண்டுவந்தது என்று யாரும் சொல்வதில்லை. நோய் வந்த பிறகு ஒருவரின் எண்ணங்களை எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் எது முன், எது பின் என்று பிரிக்க முடியாது. நோய் இன்னும் வராதவர்களைத் தேடிப் பிடித்து, அவர்களுடைய எண்ணப்போக்கை அளந்து வைத்துவிட்டு, ஆண்டுக்கணக்கில் பின்தொடர வேண்டும். அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகப் பேராசிரியர் லாரன் அலாயும் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் லின் ஏபிரம்சனும் செய்தது அதைத்தான். அவர்களுடைய முடிவுகள் தமிழ்நாட்டில், குறிப்பாகக் காரைக்குடி, தேவகோட்டை போன்ற ஊர்களில், என்ன பொருள் பெறுகின்றன என்பதே இந்தக் கட்டுரையின் அக்கறை.

இந்த ஆய்வுக்கு இரண்டு மூலங்கள் உண்டு. ஒன்று, ஆரன் பெக். உளப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்ற அந்த மனநல மருத்துவர், தன் நோயாளிகள் தங்களையும் உலகத்தையும் எதிர்காலத்தையும் ஒரே இருண்ட கண்ணோட்டத்தில் பார்ப்பதைக் கவனித்து, 1967-இல் வெளியிட்ட நூலில் அந்தக் கண்ணோட்டமே நோயின் மையம் என்று வாதிட்டார். இளவயதில் படிந்த அந்தப் பார்வை நல்ல காலத்தில் உறங்கிக் கிடக்கும். இழப்பு ஒன்று வந்து தட்டும்போது விழித்துக்கொள்ளும் என்பது அவர் கருத்து. மற்றொன்று, உளவியலாளர் மார்ட்டின் செலிக்மனின் ஆய்வுக்கூடம். தப்பிக்க வழியில்லாத மின்னதிர்ச்சியைத் தாங்கிப் பழகிய நாய்கள், பிறகு வழி திறந்திருந்தபோதும் படுத்தே கிடந்ததை 1967-இல் அவரும் ஸ்டீவன் மையரும் பதிவு செய்தார்கள். மனிதரிடம் இந்தக் கையறு நிலை ஒரே மாதிரி வருவதில்லை. அதனால் 1978-இல் ஏபிரம்சன், செலிக்மன், ஜான் டீஸ்டேல் மூவரும் கோட்பாட்டைத் திருத்தினார்கள். என்ன நேர்ந்தது என்பதோடு, அதற்கு அந்த மனிதர் என்ன காரணம் சொல்லிக்கொள்கிறார் என்பதும் முக்கியம் என்றார்கள். காரணம் என்னிடம் இருக்கிறதா வெளியில் இருக்கிறதா, நிலைத்து நிற்கப் போகிறதா கடந்து போகுமா, வாழ்க்கை முழுவதையும் தொடுகிறதா இந்த ஒரு விஷயத்தோடு நிற்கிறதா என்று மூன்று கேள்விகள் வைத்தார்கள். 1989-இல் ஏபிரம்சன், மெட்டால்ஸ்கி, அலாய் ஆகியோர் இன்னும் இரண்டைச் சேர்த்தார்கள்: இதனால் மேற்கொண்டு என்ன கெடும் என்ற ஊகம், இது நான் எப்படிப்பட்டவன் என்பதைப் பற்றி என்ன சொல்கிறது என்ற முடிவு. இவை எல்லாவற்றிலும் இருண்ட பக்கமே சாயும் பழக்கத்தைத்தான் மனச்சோர்வுக்கான எண்ணவழி நலிவு என்கிறார்கள். நலிவு தனியே நோயைத் தராது; நலிவும் துன்ப நிகழ்வும் சந்திக்க வேண்டும்.

டெம்பிள்–விஸ்கான்சின் ஆய்வில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட முதலாண்டு மாணவர்களிடம் வினாத்தாள் கொடுத்து, அவர்களிலிருந்து நலிவு மிக அதிகமான ஒரு குழுவையும் மிகக் குறைவான ஒரு குழுவையும் தேர்ந்தார்கள். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 350 பேர். தேர்ந்த நாளில் யாருக்கும் மனச்சோர்வு நோய் இல்லை. இரண்டரை ஆண்டு பின்தொடர்ந்து 2006-இல் வெளியிட்ட கணக்கின்படி, முன்பு ஒருமுறைகூட அந்த நோய் வராதவர்களில், நலிவு அதிகமானோரில் 16.2 விழுக்காட்டினருக்கும் நலிவு குறைந்தோரில் 2.7 விழுக்காட்டினருக்கும் கடுமையான மனச்சோர்வு முதன்முறையாக வந்தது. ஆறு மடங்கு வேறுபாடு. உளவியலில் இவ்வளவு தெளிவான இடைவெளி அடிக்கடி கிடைப்பதில்லை. இதே எண்ணைத் திருப்பிப் படித்தால், நலிவு மிக அதிகம் என்று முத்திரை விழுந்தவர்களிலும் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் அந்தக் காலத்தில் நோய் வரவில்லை என்பதும் தெரியும். நலிவு தலையெழுத்து ஆகாது என்பதை எண்களே சொல்கின்றன. எண்ணப்போக்கு நோயின் நிழல் மட்டும்தான் என்ற வாதம் இந்த ஆய்வுக்குப் பிறகு நிற்க முடியாது என்பதே என் முடிவு. உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்சிமாவின் ஆய்வும் அதே பக்கம் நிற்கிறது: 1989 அக்டோபரில் கலிபோர்னியாவில் லோமா பிரியேட்டா நிலநடுக்கம் வந்ததற்கு இரண்டு வாரம் முன்னதாக, தற்செயலாக அளக்கப்பட்டிருந்த ஸ்டான்ஃபோர்டு மாணவர்களில், கவலையைத் திரும்பத் திரும்ப அசைபோடும் பழக்கம் உள்ளவர்களே நிலநடுக்கத்துக்குப் பிறகு அதிகம் சோர்ந்தார்கள்.

நலிவு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு வரும்போதுதான் இந்த ஆய்வுத் துறை நமக்கு மிக அருகில் வருகிறது. அலாயின் குழு மாணவர்களின் பெற்றோரையும் விசாரித்தது. பெற்றோர் தங்கள் துன்பங்களை எப்படி விளக்கிக்கொள்கிறார்கள் என்பதைவிட, பிள்ளைக்கு நேர்ந்த துன்பத்தைப் பிள்ளையிடம் எப்படி விளக்கினார்கள் என்பதே பிள்ளையின் நலிவோடு நெருங்கிப் பொருந்தியது. சிறுவயதில் சொல்லால் இழிவுபடுத்தப்பட்ட அனுபவமும் நலிவோடு சேர்ந்தே காணப்பட்டது. அடியைப் பற்றிக் கவலைப்படுகிற அளவுக்கு நாம் சொல்லைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. நோட்ர டாம் பல்கலைக்கழகத்தின் ஜெரால்ட் ஹேஃபலும் ஜெனிஃபர் ஹேம்ஸும் இன்னொரு படி போனார்கள். விடுதியில் குலுக்கல் முறையில் ஒரே அறையில் போடப்பட்ட 103 இணை முதலாண்டு மாணவர்களைப் பின்தொடர்ந்தார்கள். நலிவு அதிகமான தோழரோடு தங்க நேர்ந்தவரின் நலிவும் மூன்று, ஆறு மாதங்களில் கூடியது. நலிவு குறைந்த தோழரோடு தங்கியவருக்குக் குறைந்தது. முதல் மூன்று மாதத்தில் நலிவு கூடியவர்களுக்கு ஆறாம் மாதத்தில் சோர்வின் அறிகுறிகள் மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு இருந்தன. பதினெட்டு வயதில் உறைந்துவிட்டதாகக் கருதப்பட்ட எண்ணப்போக்கு, பக்கத்துக் கட்டிலின் பேச்சால் அசைகிறது. ஒற்றை மனிதரின் மண்டைக்குள் அளக்கப்பட்டாலும், நலிவு உருவாவதும் வளர்வதும் தேய்வதும் மனிதருக்கிடையிலான பேச்சில்தான் என்று இந்த இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் படிக்கும்போது தோன்றுகிறது. மரபணுவின் பங்கை இது மறுக்கவில்லை. ஆனால் ‘மனசு பலவீனமானவர்’ என்று ஒருவரைச் சுட்டுவது, அந்தப் பலவீனத்தை அவருக்குக் கற்றுக்கொடுத்த குரல்களை விசாரணையிலிருந்து தப்பவிடுகிறது.

செட்டிநாட்டின் வரலாறு இந்தக் கோட்பாட்டின் ஒரு நுட்பமான பகுதியை விளங்கிக்கொள்ள உதவுகிறது. 1978 கட்டுரை, எல்லோருக்கும் பொதுவான கையறு நிலையையும் தனக்கு மட்டுமே உரிய கையறு நிலையையும் பிரித்தது. யாராலும் தடுக்க முடியாததை நானும் தடுக்க முடியவில்லை என்பது ஒன்று. மற்றவர்களால் முடிந்தது என்னால் முடியவில்லை என்பது வேறொன்று. இரண்டிலும் துயரம் உண்டு; தன்மதிப்பை அரிப்பது இரண்டாவது. 1930-களின் விலைவீழ்ச்சியில் கடன் திரும்பாமல், கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டிநாட்டிலிருந்து போய் வட்டிக்கடை நடத்திய நகரத்தார் கைக்கு வந்த நிலம் 1930-இல் 6 விழுக்காட்டிலிருந்து 1938-இல் 25 விழுக்காடானது. 1942-இல் ஜப்பானியர் வருகை, 1948-இன் நிலச் சட்டம், 1963-இல் வங்கிகள் அரசுடைமையானது என்று அடுத்தடுத்து எல்லாம் போனது. அந்த இழப்பு பெரிது. ஆனால் ஒரு புள்ளிக்கு, அதாவது ஒரு குடும்பத்துக்கு, மட்டும் வந்ததல்ல. ஒன்பது கோயில் நகரத்தாரில் பர்மாவில் கடை வைத்திருந்த எந்தக் குடும்பமும் தப்பவில்லை; அதனால் அதைச் சொல்ல ஊருக்கே ஒரு பொதுவான கதை இருந்தது. அதே காலத்தில், கூட வேலை பார்த்த உதவியாளான அடுத்தாள் பிழைத்து மேலே வர, தான் மட்டும் வாராக் கடன் கொடுத்துத் தன் கடையை நொடிக்கவிட்ட ஒரு மேலாளின் (கடையை நடத்தியவரின்) நிலை வேறு. பணக் கணக்கில் அவன் இழந்தது குறைவாக இருக்கலாம். விளக்கத்தின் கணக்கில் அவன் தனியாள். இதை அளவீட்டுச் சான்றாக நான் வைக்கவில்லை. ஆனால் இன்றைய செட்டிநாட்டில் பொது இழப்புகள் குறைந்து தனி இழப்புகள் பெருகியிருக்கின்றன என்பது கவனிக்க வேண்டியது. பங்காளி வீட்டுப் பையன் சிங்கப்பூரில் இருக்க நீட் தேர்வில் இரண்டாம் முறையும் தவறிய பிள்ளைக்கு, ஊர் பகிர்ந்துகொள்ளும் கதை எதுவும் இல்லை. அவனுக்குக் கிடைக்கும் விளக்கம் வீட்டு வளவில் பெரியவர்கள் பேசிக்கொள்வது. அது அவன் காதில் விழும்படியே பேசப்படுகிறது.

இந்தக் கோட்பாட்டுக்கு எதிரான வலிமையான வாதம், துன்பத்தின் வேர் எண்ணத்தில் இல்லை, சூழலில்தான் இருக்கிறது என்பது. அதை எளிதில் தள்ள முடியாது, தள்ளவும் கூடாது. லண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களை ஆராய்ந்த ஜார்ஜ் பிரவுனும் டிரில் ஹாரிஸும் 1978-இல் காட்டியது, பெரிய இழப்பைச் சந்தித்த பெண்களில் மனம்விட்டுப் பேச ஆள் இல்லாதவர்களே அதிகம் நோயுற்றார்கள் என்பது. நம் மாநிலத்திலேயே, சென்னை நகரில் 25,000-க்கும் மேற்பட்டோரிடம் நடத்திய க்யூர்ஸ் ஆய்வு 2009-இல் வெளிவந்தபோது, 15.1 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் இருப்பதாகச் சொன்னது. வருமானம் குறைந்தோரிடம் 19.3, வருமானம் மிகுந்தோரிடம் 5.9. எண்ணப்போக்கு மட்டுமே காரணம் என்றால் ஏழைகளிடம் எண்ணம் அதிகம் இருண்டது ஏன் என்ற கேள்விக்கு விடையில்லை. கண்மாய் வறண்டால் வேலையும் வறண்டுபோகிற சிவகங்கை மாவட்டக் கூலித் தொழிலாளியிடம் போய் ‘உங்கள் சிந்தனையை மாற்றுங்கள்’ என்று சொல்வது கொடுமை. அவருக்கு முதலில் வேண்டியது வேலை.

ஆனால் சூழலையும் எண்ணத்தையும் எதிரெதிராக நிறுத்துவதே தவறு என்று காட்டும் ஆய்வு வேலூரிலிருந்து வந்திருக்கிறது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பிரதாப் தாரியன், ஜெயப்பிரகாஷ் முளியில் உள்ளிட்டோர் கணியம்பாடி வட்டாரத்தில் 359 கர்ப்பிணிகளைக் கடைசி மூன்று மாதத்தில் சந்தித்து, பிரசவத்துக்குப் பின் ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் மீண்டும் சந்தித்தார்கள். 2002-இல் வெளியான முடிவின்படி நூற்றுக்குப் பதினொரு பெண்களுக்குப் பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. அதோடு சேர்ந்து நின்றவை: குறைந்த வருமானம், ஆண் குழந்தையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் சரியில்லாத உறவு, கர்ப்ப காலத்தில் நேர்ந்த துன்பங்கள், உதவிக்கு ஆள் இல்லாமை. இந்தப் பட்டியலைச் சூழலின் பட்டியல் என்றே பொதுவாகப் படிக்கிறார்கள். வருமானமும் ஆள் உதவியும் சூழல்தான். பெண் குழந்தை பிறந்தது எப்படிச் சூழல் ஆகும்? மகளை விரும்பும் வீட்டில் அதே பிறப்பு கொண்டாட்டம். அதைத் துன்ப நிகழ்வாக்குவது ஒரு தீர்ப்பு: இது உன் குறை, இனியும் இப்படித்தான், இந்த வீட்டுக்கு நீ ராசியில்லை. ஏபிரம்சன் பிரித்த கூறுகள் எல்லாம் இந்தத் தீர்ப்பில் இருக்கின்றன. அந்த விளக்கம் முதலில் பிறக்கும் இடம் அந்தப் பெண்ணின் மனம் அல்ல. வேறொருவர் வாயில் பிறந்து, பிரசவித்த உடலின் களைப்போடு அவளுக்குள் இறங்குகிறது. மேற்கத்திய ஆய்வாளர்கள் நலிவை ஒரு பக்கமும் நிகழ்வை மறுபக்கமும் வைத்து இரண்டும் மோதுவதாக வரைகிறார்கள். நம் வீடுகளில் பல வேளைகளில் நிகழ்வும் அதன் விளக்கமும் ஒரே குரலில், ஒரே நேரத்தில் வந்து சேர்கின்றன.

கல்லூரி மாணவர்களிடம் அளந்ததை இங்கே கொண்டுவர முடியுமா என்பது அடுத்த கேள்வி. அமெரிக்க ஆய்வாளர்களின் வினாத்தாள், தேர்வில் மதிப்பெண் குறைந்தால், காதல் உறவு அமையாவிட்டால் என்பது போன்ற கற்பனைச் சூழல்களைக் கொடுத்துக் காரணம் கேட்கிறது. நிச்சயம் வரை வந்த சம்பந்தம் சீர் பேச்சில் முறிந்தது, பாகப்பிரிவினையில் பங்காளிகள் பேச்சு நின்றது, குழந்தை இல்லாமல் பிள்ளை கூட்டிக்கொள்ள (தத்தெடுக்க) நேர்ந்தது என்ற சூழல்களை வைக்காமல் நம்மவரின் நலிவை அளந்தால் கிடைப்பது அரைகுறை விடைதான். இதோடு விதியும் இருக்கிறது. எல்லாவற்றையும் விதி, கிரகம், முன்வினை என்று சொல்லும் சமூகத்தில் எல்லோரும் நலிவுற்றவராகிவிட மாட்டார்களா என்று கேட்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. ‘ஏழரைச் சனி நடக்கிறது’ என்ற விளக்கத்தில் காரணம் வெளியில் இருக்கிறது, அதற்கு ஒரு முடிவுத் தேதியும் இருக்கிறது. கோட்பாட்டின்படி அது காக்கும் விளக்கம். ‘அவள் ஜாதகமே அப்படி’ என்பது அதே சோதிடத்திலிருந்து வந்தாலும் ஒரு பெண்ணின் மேல் ஆயுளுக்கும் ஒட்டிக்கொள்கிறது. நம்பிக்கையின் பெயரைப் பார்க்காமல், அது யார்மேல் எவ்வளவு காலத்துக்குப் பொறுப்பைச் சுமத்துகிறது என்று பார்க்க வேண்டும்.

சோர்ந்தவர்கள் உலகத்தை உள்ளபடியே பார்க்கிறார்கள், மற்றவர்கள்தான் மயக்கத்தில் இருக்கிறார்கள் என்ற வாதமும் உண்டு. அதைத் தொடங்கிவைத்ததே அலாயும் ஏபிரம்சனும் 1979-இல் செய்த, பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிகிறதா என்ற சோதனைதான். 2022-இல் அதைத் திருப்பிச் செய்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும், விளக்கைப் பற்றிய கணிப்பு சரியாக இருப்பதால் ‘நான் லாயக்கில்லாதவன்’ என்ற கணிப்பும் சரியாகிவிடாது.

இவற்றைவிட என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது வேறொரு எதிர்வாதம். எண்ணத்தைத் தொடாமலே நோய் குணமாகிறது என்றால், எண்ணத்தை நோயின் வேர் என்று எப்படிச் சொல்வது? 1996-இல் நீல் ஜேக்கப்சன் குழு, எண்ணத்தையும் செயலையும் மாற்றப் பழக்கும் சிபிடி சிகிச்சையின் பகுதிகளைத் தனித்தனியே பிரித்துப் பார்த்தபோது, எண்ணங்களை விசாரிக்காமல் அன்றாடச் செயல்களை மீட்டுக்கொடுப்பது மட்டுமே முழுச் சிகிச்சையளவு பலன் தந்தது. கோவாவில் விக்ரம் படேல் குழு, மருத்துவப் பட்டம் இல்லாத உள்ளூர் ஆலோசகர்களை வைத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த 495 பேரிடம் இதே முறையைச் சோதித்தது. 2017-இல் வந்த முடிவில், மூன்று மாதத்தில் தெளிந்தவர்கள் ஆலோசனை பெற்றோரில் 64 விழுக்காடு, வழக்கமான கவனிப்பு பெற்றோரில் 39. இது பெரிய சாதனை. எண்ணப்போக்கு ஆய்வாளர்கள் இதை நேராகப் பார்த்தாக வேண்டும். என் பதில் இரண்டு பகுதி. நோய் வந்த வழியும் நோய் போகும் வழியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. செயல் திரும்பும்போது ‘என்னால் முடியாது’ என்ற எண்ணத்துக்கு எதிரான சான்று தானாகவே சேர்கிறது. மேலும், எண்ணத்தை நேரடியாகத் தொட்ட முறையும் கிராமங்களில் வென்றிருக்கிறது. பாகிஸ்தானின் ராவல்பிண்டி மாவட்டத்தில் ஆதிஃப் ரஹ்மான் குழு, பெண் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி தந்து, மனச்சோர்வுற்ற கர்ப்பிணிகளின் வீட்டுக்கே அனுப்பியது. 2008-இல் வெளியான முடிவின்படி, குழந்தை பிறந்த ஆறாம் மாதத்தில் நோய் நீடித்தவர்கள் அந்தக் குழுவில் 23 விழுக்காடு, மற்றதில் 53. அங்கே பேச்சு தாயோடு நிற்கவில்லை. குழந்தையின் நலம் என்ற பெயரில் மாமியாரும் கணவரும் அதே உரையாடலுக்குள் கொண்டுவரப்பட்டார்கள். நலிவு பேச்சில் வாழ்கிறது என்றால், பேசுகிறவர்கள் எல்லோரையும் சேர்த்தே அணுக வேண்டும் என்பதற்கு இதைவிட நெருங்கிய உதாரணத்தை நான் அறியேன்.

நம் மாவட்டத்தில் இதற்கான அடிப்படைகள் இல்லாமல் இல்லை. மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது, சிவகங்கையில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 14416 என்ற எண்ணில் 2022 அக்டோபர் முதல் தொலைபேசி ஆலோசனை இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர்கள் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்க வீடு வீடாகப் போகிறார்கள். ஆனால் 2015–16 தேசிய மனநல ஆய்வு சொன்னது, மனச்சோர்வும் பதற்றமும் உள்ளிட்ட பொதுவான மனநோய்கள் கண்டவர்களில் 85 விழுக்காட்டினர் சிகிச்சைக்கு வெளியே இருக்கிறார்கள் என்பது. வெளியே இருப்பவர்களைத் தேடுவதோடு, நோய் வருவதற்கு முந்தைய கட்டத்தையும் அளக்க வேண்டும். காரைக்குடியிலேயே அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கும்போது, அதற்கான தமிழ் வினாத்தாளை அமெரிக்காவிலிருந்து மொழிபெயர்த்து வாங்க வேண்டியதில்லை.

அப்படி ஓர் ஆய்வு தொடங்கினால் தலைப்பிரசவத்திலிருந்து தொடங்குவது பொருத்தம். கர்ப்பிணிகளின் பெயர்கள் அரசின் கர்ப்பகாலப் பதிவான பிக்மி எண்ணோடு கிராம சுகாதாரச் செவிலியரிடம் ஏற்கெனவே உண்டு. அந்தப் பெண்ணையும் மாமியாரையும் ஒரே வாரத்தில் தனித்தனியே கேட்கலாம்: நிச்சயம் முறிந்தால், கடை நொடித்தால், இரண்டாவதும் பெண்ணாகப் பிறந்தால் என்ன காரணம் சொல்வீர்கள்? பெரியவர்கள் பேசி முடிக்கும் திருமணத்தில் எந்த மாமியாரோடு வாழப் போகிறோம் என்பதைப் பெண் தேர்ந்தெடுப்பதில்லை. ஹேஃபலின் குலுக்கல் அளவுக்குத் தூய்மையான சோதனை இல்லை என்றாலும், நம் சமூகத்தில் அதற்கு மிக அருகில் வருவது இதுதான். மாமன் மகள், அத்தை மகன் என்று உறவுக்குள் நடந்த திருமணங்களைத் தனியே கணக்கிட வேண்டும்; அங்கே இருவரும் ஒரே குடும்பத்தின் விளக்கங்களைக் கேட்டே வளர்ந்திருப்பார்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால், கணியம்பாடியைப் போல ஆறாம் வாரத்தில் அளந்தால் அப்போது அவள் காதில் விழுந்துகொண்டிருப்பது சொந்தத் தாயின் பேச்சு. குழந்தையோடு புகுந்த வீடு திரும்பி மூன்று மாதம் ஆனபின் இன்னொரு முறை அளக்க வேண்டும். அந்த இரண்டு அளவுகளுக்கும் இடையிலான வேறுபாடுதான் இங்கே தேடப்பட வேண்டிய எண்.